மூன்றாவது பிரகாஷின் விசிட்டிங் கார்டு

"ஏழுமலைன்னு இங்க யாரும் இல்ல சார்."

எங்கள் ஆபீஸில் போன் எடுக்கும் ஷோபா, நேரில் வந்த யாரிடமோ இப்படிச் சொன்னது, பிளைவுட் தடுப்புக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. மூடி கழற்றிய ஒரு யூ.பி.எஸ் பெட்டிக்குள் என் தலை பாதி போயிருந்தது. வாயில் இரண்டு ஸ்க்ரூ.

"நல்லாப் பாத்துச் சொல்லும்மா. ஆரணிக்காரரு. ஒசரமா, மாநிறமா இருப்பாராம்."

"இல்ல சார். நான்தானே அட்டெண்டன்ஸ் எழுதறேன்."

ஷோபா அட்டெண்டன்ஸ் எழுதுவது உண்மை. அதில் ஏழுமலை என்ற பெயரைத் தினமும் எழுதுவதும் உண்மை. அன்று காலையில்கூட அந்தப் பெயருக்கு எதிரே 'பத்து நிமிஷம் லேட்' என்று சிவப்பு மையில் குறித்திருந்தாள்.

அந்த ஏழுமலை நான்தான்.

வாயிலிருந்த ஸ்க்ரூவைத் துப்பிவிட்டு "இதோ இருக்கேன்" என்று எழுந்திருக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எழுந்திருக்காததற்கு ஆபீஸ் சட்டம் ஒரு காரணம். அதைப் பிறகு சொல்கிறேன். இன்னொரு காரணம், அந்த நாட்களில் ஆரணியிலிருந்து ஓர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் என்னைத் துரத்திக்கொண்டிருந்தார். என் சாவைப் பற்றி என்னைவிட அதிகம் யோசித்த மனிதர். அவர் அனுப்பிய ஆள்தான் இது என்று முடிவு கட்டிவிட்டேன்.

முகத்தை மட்டும் பார்த்து வைத்துக்கொள்வோம் என்று தடுப்பைச் சுற்றி வெளியே வந்தேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, மடியில் ரெக்சின் பை, நிமிஷத்துக்கு ஒரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்க்கும் பழக்கம். என் கை என்னைக் கேட்காமலே சட்டைப்பைக்குப் போயிற்று. ஒரு கார்டை எடுத்து இரண்டு கைகளாலும் நீட்டினேன்.

"பிரகாஷ். சொல்லுங்க சார், என்ன வேணும்?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கார்டை முழுக்கப் படித்தார். எம். பிரகாஷ், கஸ்டமர் ரிலேஷன்ஸ் எக்ஸிக்யூட்டிவ்.

"ஏழுமலைன்னு ஒரு பையன் இங்க வேலை செய்றான்னு சொன்னாங்க தம்பி. விசாரிச்சிகினு போலாம்னு வந்தேன்."

"ரெண்டு வருஷமா இங்கதான் சார் இருக்கேன். அப்படி ஒரு ஆளே கிடையாது."

அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் வாய் நிற்காதே.

"பெங்களூர்ல ஜாக்கிரதையா இருக்கணும் சார். இல்லாத வேலைய இருக்குன்னு சொல்லிகினு திரியறவனுங்க ஜாஸ்தி."

"நல்ல வேளை சொன்ன தம்பி" என்றார். அவர் முகத்தில் நிஜமான நன்றி இருந்தது. மாடிப்படி வரைக்கும் கூடப் போய், மெஜஸ்டிக் பஸ் நிலையத்துக்கு வழி சொன்னேன்.

"உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?"

"இல்ல சார். பாத்துகினு இருக்காங்க."

கார்டைச் சட்டைப்பையில் வைத்து, ஒரு முறை தட்டிப் பார்த்துக்கொண்டு அவர் இறங்கிப் போனார்.

"யாரு ஷோபா அந்தாளு?" என்று கேட்டேன்.

"பேரே சொல்லல" என்றாள்.

சொந்தப் பெயரைச் சொல்லாமல் அடுத்தவன் பெயரை மட்டும் விசாரிக்கிற ஆள் யாராக இருக்க முடியும்? எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தைகூடச் சொல்லும். பெண் வீட்டார். எனக்கு மட்டும் தோன்றவில்லை. இன்சூரன்ஸிலிருந்து தப்பித்த சந்தோஷத்தில் டீ குடிக்கப் போய்விட்டேன்.

இரும்பு பீரோவில் இருந்த பெயர்

ஆபீஸ் சட்டத்துக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். ஒக்கலிபுரத்தில், ரயில் சத்தம் சுவரில் அதிர்கிற ஒரு மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. யூ.பி.எஸ் விற்போம், விற்றதை ரிப்பேர் செய்வோம். ரிப்பேர்தான் அதிகம். ஊரில் எங்கே பார்த்தாலும் கம்ப்யூட்டர் முளைத்துக்கொண்டிருந்தது, கரண்ட் போய்க்கொண்டிருந்தது. எங்களுக்கு இரண்டுமே கடவுள்.

முதலாளி சுந்தரேசன் சார் பரம்பரை பெங்களூர்க்காரர். தாத்தா மைசூர் ராஜாவிடம் உத்தியோகம் பார்த்தவர் என்பதை வாரத்துக்கு இரண்டு தரம் சொல்வார். தமிழில் தொடங்கும் வாக்கியம் கன்னடத்தில் திரும்பி இங்கிலீஷில் போய் நிற்கும்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே நான் கேட்ட முதல் கேள்வி: "விசிட்டிங் கார்டு எப்ப சார் குடுப்பீங்க?"

எங்கள் குடும்பத்தில் அதுவரை யாருடைய பெயரும் அச்சில் வந்ததில்லை, வாக்காளர் பட்டியலைத் தவிர. அதிலும் என் அப்பாவைப் பெண் என்று போட்டிருந்தார்கள். ஆகவே ஒரு சின்ன வெள்ளை அட்டையில் என் பெயர் கறுப்பாக, கையால் தடவினால் லேசாக மேடு தட்டுகிற மாதிரி இருக்க வேண்டும் என்பது என் ஆசை. மோட்டார் சைக்கிள்கூட எனக்கு அதற்கு அடுத்தபடிதான்.

சார் இரும்பு பீரோவைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். உள்ளே ஐந்நூறு கார்டு. எம். பிரகாஷ்.

"முன்னாடி இருந்த பையன். விட்டுட்டுப் போயிட்டான். சும்னே தூக்கிப் போடறதா? இது தீர்ற வரைக்கும் நீ பிரகாஷ்."

"சார், அந்தப் பேரை அடிச்சிட்டு மேல பேனாவால என் பேரை எழுதிக்கட்டுமா?"

"அசிங்கமா இருக்கும்பா. பிரகாஷ்னா கன்னடக்காரன் கூப்பிடுவான், சேட்டு கூப்பிடுவான், வெள்ளைக்காரனும் கூப்பிடுவான். ஏழுமலைன்னா அவன் வாய் சுளுக்கிக்கும்."

அன்றிலிருந்து சட்டம் அமலுக்கு வந்தது. ஆபீஸில், போனில், கஸ்டமரிடத்தில் எல்லா இடத்திலும் பிரகாஷ். ஏழுமலை என்று யார் கேட்டு வந்தாலும் அப்படி ஒருவன் இல்லை என்று சொல்லிவிட வேண்டும். ஏழுமலை என்று ஷோபா எழுதுவது அட்டெண்டன்ஸில் மட்டும். அதையும் லேட்டாக வந்தால்தான் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

பத்து வெளியே, பத்து உள்ளே

பெட்டி தீர்ந்தால் என் பெயரில் அடித்துத் தருவதாக சார் வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் நான் கார்டு கொடுத்த வேகத்தை பெங்களூர் அதற்கு முன் பார்த்திருக்காது.

சாரும் ஒரு விதி வைத்திருந்தார். தினம் பத்து கார்டு வெளியே போக வேண்டும், பத்து கார்டு உள்ளே வர வேண்டும். சாயங்காலம் ஷோபா எண்ணுவாள். இரண்டு கைகளால் கொடுக்கச் சொன்னதும் அவர்தான். யாரோ ஒரு ஜப்பான்காரர் செய்ததைப் பார்த்தாராம். பஸ்ஸில் நின்றுகொண்டு இரண்டு கைகளால் கார்டு கொடுத்துப் பாருங்கள். டிரைவர் பிரேக் போட்டால் கொடுத்தவர் மடியிலேயே உட்கார வேண்டும். உட்கார்ந்திருக்கிறேன்.

பத்து கார்டு கொடுப்பது சுலபம், வாங்குவதுதான் கஷ்டம். அதற்கும் வழி கண்டுபிடித்தேன். சிவாஜிநகர் பஸ் ஸ்டாப்பில் மருந்து கம்பெனி ரெப்புகள் நிற்பார்கள். அவர்களுக்கும் இதே மாதிரி கணக்குக் காட்டுகிற தலைவலி இருந்தது. நாங்கள் ஆளுக்கு ஐந்து ஐந்தாக மாற்றிக்கொள்வோம். கடைசியில் ஊரிலுள்ள ரெப்புகளிடமெல்லாம் யூ.பி.எஸ்காரன் கார்டும், எங்கள் பீரோவில் வயிற்றுப்போக்கு மருந்து கார்டுகளும் நிறைந்தன. "மெடிக்கல் லைன்ல நல்லா ஊடுருவிட்டேப்பா" என்று சார் தட்டிக்கொடுத்தார்.

ஓட்டல் கல்லாவில் 'கார்டு போடுங்கள், இருவருக்கு இலவச விருந்து' என்று கண்ணாடிக் கிண்ணம் வைத்திருப்பார்கள். பார்த்த கிண்ணத்திலெல்லாம் போட்டேன். முடிவெட்டுகிறவருக்குக் கொடுத்தேன். ஒரு சாவு வீட்டில் மாலை போட்டுவிட்டுத் திரும்பும்போது, கை கூப்பிய பெரியவரின் கையிலேயே பழக்கதோஷத்தில் வைத்துவிட்டேன். பதினாறாம் நாள் முடிந்து அவர் போன் செய்து இரண்டு யூ.பி.எஸ் வாங்கினார்.

ஒன்றரை மாதத்தில் பெட்டி காலி. காலிப் பெட்டியைப் பரிசுக் கோப்பை மாதிரி தூக்கிக்கொண்டு போய் சார் மேஜையில் வைத்தேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த வாரம் புதுப் பெட்டி வந்தது. ஆயிரம் கார்டு. நின்றபடியே திறந்தேன்.

எம். பிரகாஷ்.

"மார்க்கெட்ல பேரு நின்னுடுச்சு, நோடப்பா" என்றார் சார். "ஓடற குதிரைய யாராவது மாத்துவாங்களா?"

நான் கோபத்தில் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. "மொறைச்சிகிட்டு இருக்கறது பிரகாஷா, ஏழுமலையா?" என்று ஷோபா கேட்டாள். அந்த வாரம் முடிந்ததும் ஆயிரம் கார்டையும் கொடுக்கத் தொடங்கிவிட்டேன். சூடு சொரணை விஷயத்தில் நான் அப்போது அந்த அளவுதான்.

எனக்குப் போட்டி

ரெக்சின் பைக்காரர் வந்துபோன மூன்றாம் நாள், நான் குடியிருந்த வீட்டுக்காரரின் போனுக்கு அம்மா கூப்பிட்டாள். எஸ்.டி.டி பூத்தில் மீட்டர் ஓடுகிறதைப் பார்த்துக்கொண்டே பேசுவதால் அம்மாவின் பேச்சில் மூச்சுவிட இடமிருக்காது.

"கலைவாணி வூட்ல வேணாம்னுட்டாங்கடா பாவி, தாய்மாமன் போளூர்லேர்ந்து நேரா உன் ஆபீஸுக்கே வந்து கேட்டாராம், ஏழுமலைன்னு ஒருத்தனே இல்லையாம், இன்னாடா வேலை செய்ற நீ அங்க, திருடுறியா?"

பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு எனக்குக் கல்யாணம் ஆனது தெரியும். யாரோடு என்பதை நான் இதுவரை சொல்லவில்லை, ஆகவே பொறுமையாக இருங்கள்.

கலைவாணியை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன். உறவில் ஒரு நிச்சயதார்த்தம். கடைசிப் பந்திக்கு ஐஸ்கிரீம் இல்லை என்றார்கள். எல்லோரும் கை கழுவப் போய்விட்டோம். அவள் மட்டும் இலை முன்னால் அசையாமல் உட்கார்ந்து, "மொதல் பந்திக்கு உண்டுன்னா எனக்கும் உண்டு. வரட்டும், இருக்கேன்" என்றாள். அரை மணி நேரம் கழித்து ஐஸ்கிரீம் வந்தது. அந்தப் பெண்தான் வேண்டும் என்று அன்றே அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"அம்மா, அது வந்து..."

"இன்னும் கேளு. அந்த ஆபீஸ்ல பிரகாஷ்னு ஒரு பையனாம். தங்கமாம். படி வரைக்கும் வந்து வழி சொல்லி அனுப்பினானாம். 'அந்த ஏழுமலை கதையெல்லாம் பொய்யி, ஜாக்கிரதையா இருங்க'ன்னு அவன்தான் எச்சரிச்சானாம். கலைவாணிக்கு அவனையே கேக்கலாமான்னு அவங்க வூட்ல பேச்சு நடக்குதாம்!"

மீட்டர் அம்மாவை வென்றது. போன் வைத்துவிட்டாள்.

நான் ரிசீவரைப் பிடித்தபடி நின்றேன். எனக்கு வந்த பெண்ணை எனக்குப் போட்டியாக நானே தட்டிக்கொண்டு போகிறேன். உலகத்தில் எவனுக்கும் வாய்க்காத வில்லன்.

ஒரு குறுக்கு வழி இருந்தது, மறைக்கவில்லை. பேசாமல் பிரகாஷாகவே போய்த் தாலி கட்டிவிடலாம். பத்திரிகையில் அந்தப் பெயரை அடிப்பார்கள். பிறகு ரேஷன் கார்டில், பிள்ளையின் பள்ளிக்கூடச் சான்றிதழில். ஐஸ்கிரீமையே விட்டுக்கொடுக்காதவளிடம் போய், என் பெயரையே விட்டுக்கொடுத்தவன் என்று எந்த முகத்தோடு நிற்பது?

மறுநாள் காலை சாரிடம் போனேன்.

"சார், எனக்கு என் பேர்ல கார்டு வேணும். போன்ல யாராவது ஏழுமலைன்னு கேட்டா, இருக்கேன்னு சொல்லணும்."

"எதுக்கு?"

சொன்னேன். சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் குரல் மாறியது.

"நோடு, உள்ளதைச் சொல்றேன். பேடப்பா, வேணாம். ஆளுங்க வருவாங்க, போவாங்க. கஸ்டமர் பேரைத்தான் பிடிச்சுக்கறான். உன் பேரைப் போட்டேன்னு வை, நாளைக்கு நீ போறப்ப அவனும் உன் பின்னாடியே வந்துடுவான். பிரகாஷ் எங்கயும் போக மாட்டான். அவன் கம்பெனிக்குச் சொந்தம்."

"அப்ப நான் சார்?"

"நீ வேலைக்கு இருக்கே."

ரயில் ஒன்று போயிற்று. சுவர் அதிர்ந்தது. எனக்கும் உள்ளே எதுவோ அதிர்ந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் எனக்குக் காது மடல் சூடாகியது, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சூடு பிறகு ஆறவில்லை.

மந்திரி கார்டு

அன்று மத்தியானமே பக்கத்துச் சந்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பாயிடம் போனேன். ஸ்கிரீன் பிரிண்டிங் பலகையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் விவரம் கேட்டார்.

"பேரு?"

"ஏழுமலை."

"கீழ என்னா போடறது? மேனேஜரா? அசிஸ்டெண்ட் மேனேஜர் போட்டுக்கோ, எல்லாம் அதான் போடறான்."

"ஒண்ணும் வேணாம் பாய். பேரு பெருசா. கீழ ஆபீஸ் போன் நம்பர். போதும்."

"வெறும் பேரா? மந்திரி கார்டு மாதிரி இருக்கும்."

"இருக்கட்டும்."

ஈரம் காயக் காய ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தடவினால் மேடு தட்டியது. ஒன்றைக் கசக்கிவிட்டேன் என்று பாய் திட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை போளூரில் கோவிந்தசாமி மாமா வீட்டு வாசலில் போய் நின்றேன். கலைவாணியின் தாய்மாமனான அவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். கடிகாரம் பார்க்கிற பழக்கத்துக்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது.

"அடடே, பிரகாஷ் தம்பி! வா வா வா!"

அத்தனை அன்பாக யாரும் என்னை வேறு ஒருவனாக வரவேற்றதில்லை. உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி, புதுக் கார்டை நீட்டினேன். அவர் உள்ளே போய்ப் பழைய கார்டை எடுத்துவந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஒரு வண்டிக்கு ரெண்டு நம்பர் பிளேட் இருந்தா எங்க டிப்போல இன்னா பண்ணுவோம் தெரியுமா?"

"போலீஸ்ல குடுப்பீங்க மாமா."

"மாமாவா? அதுக்குள்ள முறை வேறயா?" என்றார். "இந்தக் கார்டு இன்னா பெரிய சாட்சி? நாளைக்கு நானும் அடிச்சிக்கலாம், கலெக்டர்னு. டிரிப் ஷீட்ல யார் வேணா கையெழுத்துப் போடுவான் தம்பி. வண்டி வந்துச்சா இல்லையா, அதான் எனக்குக் கேள்வி."

"நான் இன்னா செய்யணும்?"

"ஒருநாள் உங்க ஆபீஸுக்கு போன் போடுவேன். என்னிக்குன்னு சொல்ல மாட்டேன். ஏழுமலை இருக்காரான்னு கேப்பேன். எடுக்கறவங்க 'இருக்காரு'ன்னு சொல்லணும். சொன்னா பொண்ணு. இல்லன்னா நீ பிரகாஷாவே இரு, எங்களுக்கு ஆட்சேபணை இல்ல. பொண்ணு மட்டும் கிடையாது."

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. சிரிப்பை அடக்கியவர்களின் கையிலிருந்துதான் பாத்திரம் அப்படி விழும்.

ஒரே பக்கத்தில் மூன்று பேர்

ஷோபாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் மேஜைக்கு அடுத்த மேஜை சாருடையது. "எனக்கும் வேலை வேணும்" என்று மட்டும் சொன்னாள். தப்பில்லை. அவள் சம்பளத்தில்தான் அவள் வீடு நடந்தது.

சரி, கஸ்டமர்களே ஏழுமலை என்று கேட்டால் ஆபீஸ் எப்படி இல்லை என்று சொல்லும், ஊர் வாயையாவது மாற்றுவோம் என்று புறப்பட்டேன். எந்தக் கையால் பிரகாஷைக் கொடுத்தேனோ அதே கையால் ஏழுமலையைக் கொடுப்பது. சாரின் வேலை நேரத்தில், சாரின் போன் நம்பர் போட்ட கார்டை, சாரின் கஸ்டமர்களிடம்.

முதலில் வைட்ஃபீல்ட். அப்போது அது பெங்களூருக்குப் பக்கத்து ஊர் மாதிரி, பஸ்ஸில் ஒரு தூக்கம் போட்டு எழலாம். அங்கே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஃப்ளோரா மேடம் நிர்வாகம் பார்த்தார். ரிச்சர்ட்ஸ் டவுனில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம். எங்கள் கம்பெனியின் மிகப்பெரிய கஸ்டமர் அவர்தான்.

"என்ன மேன் பிரகாஷ், கூப்பிடாமயே வந்திருக்கே? எது வெடிச்சுது?"

"ஒண்ணும் வெடிக்கல மேடம். இதைக் குடுக்க வந்தேன்."

வாங்கிப் படித்தார். "யாரு மேன் இது?"

"நான்தான் மேடம்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. இழுப்பறையிலிருந்து கார்டு ஆல்பத்தை எடுத்து, பிளாஸ்டிக் உறைகளைப் புரட்டி, ஒரு பக்கத்தை என் பக்கம் திருப்பினார்.

மூன்று கார்டுகள். மூன்றும் எம். பிரகாஷ். ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலில் ஒரு வார்த்தை.

"இவன் குட்டை பிரகாஷ். நல்லாப் பாடுவான். இவன் மீசை பிரகாஷ். டீ குடுக்கலன்னா வயரைத் தொட மாட்டான். அப்புறம் நீ."

என் கார்டின் மூலையில் 'வாய்' என்று எழுதியிருந்தது.

எனக்கு முன்னால் ஒருவன்தான் இருந்தான், அவன் பெயர் பிரகாஷ் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி ஒருவன் எப்போதாவது இருந்தானா என்பதே இப்போது சந்தேகமாகிவிட்டது.

"தெரிஞ்சும் ஏன் மேடம் எங்கிட்ட கேக்கல?"

"உன் பேரு உனக்கே வேணாம்னா, எனக்கு எதுக்கு மேன்?"

நான் முதல் கார்டைத் தொட்டுக் காட்டினேன்.

"குட்டை பிரகாஷோட நிஜப் பேர் என்ன மேடம்?"

"தெரியாது. ரெண்டு வருஷம் வந்தான். என் பொண்ணு கல்யாணத்துல வந்து பாடினான். பேர் தெரியாது." ஆல்பத்திலிருந்து 'வாய்' கார்டை உருவிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, அந்த உறையில் புதுக் கார்டைச் செருகினார். "இனிமே போன் பண்ணா இந்தப் பேரைத்தான் கேப்பேன். ஸ்பெல்லிங் நீளம். உதைக்கப்போறேன் உன்னை."

அங்கிருந்து கிளம்பியவன் பத்து நாள் ஓயவில்லை. சாவு வீட்டுப் பெரியவருக்குக் கொடுத்தேன். முடிவெட்டுகிறவருக்குக் கொடுத்தேன். மருந்து ரெப்புகளுக்குக் கொடுத்தபோது, "பிரமோஷனா?" என்று கேட்டார்கள். "ஆமா" என்றேன். அதுதான் சரியான பதில் என்று இப்போதும் நினைக்கிறேன்.

பதினொன்று இருபது

அந்தக் காலை நான் படியேறும்போதே சாரின் குரல் கேட்டது. அவர் கையில் என் கார்டு.

"ஃப்ளோரா மேடம் கூப்பிட்டாங்க. 'ஏழுமலையை அனுப்பு'ன்னாங்க. யாருன்னு கேட்டேன். என்னைத் திட்டிட்டு போனை வச்சுட்டாங்க. என் நம்பர்! என் கஸ்டமர்! யாரைக் கேட்டு அடிச்சே?"

"என் பேருதானே சார். யாரைக் கேக்கணும்?"

அவர் முகம் சிவந்தது. "ஷோபா, லெட்டர் அடி. இன்னியோட வேலை இல்லன்னு."

ஷோபா லெட்டர்ஹெட்டை மெஷினில் சொருகினாள். "யார் பேருக்கு சார்?"

"இதென்ன கேள்வி? இத்தனை வருஷம் என்ன பேரு? பிரகாஷ்! மிஸ்டர் எம். பிரகாஷ்!"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். சொன்னதை அப்படியே அடித்தாள். சார் கையெழுத்துப் போட்டு, உறையிலிட்டு, உறையின் மேலும் அதே பெயரைத் தன் அழகான கையெழுத்தில் எழுதினார்.

அப்போது போன் அடித்தது.

ஷோபா எடுத்தாள். "ஹலோ" என்றாள். பிறகு நிமிர்ந்து சாரைப் பார்த்தாள்.

"ஏழுமலை இருக்காரான்னு கேக்கறாங்க."

சார் தலையை இடமும் வலமும் ஆட்டினார். இரண்டு வருஷமாக அவள் பார்த்துப் பழகிய ஆட்டல். வாய் என்று பட்டம் வாங்கியவன் ஸ்க்ரூவை விழுங்கியது மாதிரி நின்றேன்.

ஷோபா ரிசீவரை வாயருகே கொண்டுபோனாள். கண்ணை மட்டும் சாரிடமிருந்து எடுக்கவில்லை.

"ஏழுமலையா? இருக்காரு சார். என் எதிர்லதான் நிக்கறாரு. லைன்ல இருங்க."

ரிசீவரை என்னிடம் நீட்டினாள். வாங்கிக் காதில் வைத்தேன்.

"டைம் இன்னா?" என்றது போளூர்.

"பதினொண்ணு இருபது மாமா."

"பேரு?"

"ஏழுமலை."

"சரியா கேக்கல. லைன்ல இரைச்சல்."

"ஏழுமலை! ஆரணி ஏழுமலை!"

கீழே டீக்கடையில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து ரயில்கூட எதுவும் வரவில்லை. தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது.

"போதும், காது போயிடும்" என்றார் மாமா. "வண்டி வந்துடுச்சுன்னு எழுதிக்கறேன்."

பின்னால் ஒரு பெண் குரல், "ஐஸ்கிரீம் மட்டும் கடைசிப் பந்தி வரைக்கும் இருக்கணும்னு சொல்லுங்க மாமா" என்றது. லைன் கட்டாகியது.

நான் போனை வைத்தேன். சார் உறையை என் மார்புக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றார்.

வாங்கினேன். மேலே எழுதியிருந்த பெயரை, கண்ணாடி இல்லாத குறையாக, முழுக்கப் படித்தேன். பிறகு, அவர் சொல்லிக்கொடுத்தபடியே, இரண்டு கைகளாலும் அவரிடமே திருப்பி நீட்டினேன்.

"பிரகாஷ்னு இங்க யாரும் இல்ல சார்."